சப்பாத்திப் பலகைக்கு எந்த எண்ணெய்?

புதிதாக வாங்கிய சப்பாத்திப் பலகையை நாலைந்து முறை கழுவிக் காயவைத்த பிறகு விரலால் தடவிப் பாருங்கள். கடையில் வழுவழுவென்று இருந்த பலகை இப்போது சொரசொரக்கும். மரத்தின் நார்கள் எழும்பி நிற்கும். ஓரம் வெளிறி, முடி அளவுக்கு ஒரு வெடிப்பும் தலைகாட்டியிருக்கும். "எண்ணெய் போட்டு வை" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியான யோசனைதான். ஆனால் எந்த எண்ணெய் என்று கேட்டால், அடுப்புப் பக்கத்தில் இருக்கிற எண்ணெயைக் கைகாட்டுவார்கள். பல வீடுகளில் பலகை பிசுபிசுத்து நாற்றமடிக்கத் தொடங்குவது அங்கிருந்துதான்.

மரத்துக்கு எண்ணெய் பூசுவதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. நீங்கள் பூசும் எண்ணெய் காற்றில் காய்ந்து இறுகுமா, இல்லை கடைசி வரைக்கும் எண்ணெயாகவே இருக்குமா? இது புரிந்துவிட்டால் எதை வாங்குவது, எப்படிப் பூசுவது, எத்தனை நாள் காத்திருப்பது என்று மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

மரம் ஏன் எண்ணெய் கேட்கிறது

மரத்தின் உடம்பு முழுக்க நுண்ணிய குழாய்கள். வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறிய பாதை அது. பலகையாக அறுத்த பிறகும் அந்தக் குழாய்கள் அப்படியே இருக்கின்றன. காற்றில் ஈரம் கூடினால் மரம் உறிஞ்சுகிறது, குறைந்தால் விடுகிறது. உறிஞ்சும்போது பலகை அகலவாக்கில் உப்பும், விடும்போது சுருங்கும். நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு. இந்த உப்பலும் சுருங்கலும் திரும்பத் திரும்ப நடப்பதால்தான் பலகை வளைகிறது, வெடிக்கிறது.

இங்கே மலேசியாவின் பினாங்கில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். ஏர்கோன் ஓடும் அறையில் அது மளமளவென்று இறங்கிவிடும். சமையலறையில் கழுவிய பலகையை அலங்காரமாக ஏர்கோன் போட்ட சாப்பாட்டு அறையில் கொண்டுபோய் வைத்தால், ஒரே நாளில் இரண்டு பருவநிலையை அது தாங்க வேண்டியிருக்கிறது.

எண்ணெய் அந்தக் குழாய்களுக்குள் இறங்கி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் உள்ளே போவதும் வெளியே வருவதும் மெதுவாகிறது. எண்ணெய் பூசிய பலகையும் ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். ஆனால் நிதானமாக உறிஞ்சும். அந்த நிதானமே வெடிப்பைத் தடுக்கப் போதுமானது. எண்ணெய் பூசினால் மரம் கடினமாகிவிடும், கத்தி படாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது நடக்காது. கத்திக் கோடு விழத்தான் செய்யும். ஆனால் வார்னிஷ் பூசிய பலகையில் கத்தி பட்டால் பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்து காய்கறியோடு கலக்கும். எண்ணெய் பூசிய பலகையில் பெயர்ந்து வர மேலே ஏடு எதுவும் இல்லை. உணவு படும் மரத்துக்கு எண்ணெயை நான் பரிந்துரைப்பது முதலில் இதற்காகத்தான். இரண்டாவது காரணம், தேய்ந்துபோன இடத்தில் மட்டும் திரும்பப் பூசிக்கொள்ளலாம். வார்னிஷ் என்றால் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

காயும் எண்ணெய், காயாத எண்ணெய்

ஈரத்துணி காய்வதும் எண்ணெய் காய்வதும் வேறு வேறு. துணியிலிருந்து தண்ணீர் ஆவியாகிப் போகிறது. எண்ணெய் அப்படி ஆவியாகிக் காய்வதில்லை; மாறாகக் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதற்குள் வந்து சேர்கிறது.

தாவர எண்ணெய் எதுவானாலும் அதன் மூலக்கூறில் மூன்று நீண்ட கொழுப்பு அமிலச் சங்கிலிகள் இருக்கும். சில எண்ணெய்களின் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்பு என்று சொல்லப்படும் இடங்கள் நிறைய உண்டு. ஆக்சிஜன் அந்த இடங்களை ஒட்டித் தாக்கும்போது, ஒரு சங்கிலி பக்கத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொள்கிறது. அது இன்னொன்றைப் பிடிக்கிறது. இப்படியே வலை பின்னிப் பின்னி, திரவமாக இருந்தது திடமாகிவிடும். பிறகு அது உருகாது, கழுவினாலும் போகாது.

தோசைக்கல்லைப் பழக்கியவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த விஷயம். புது இரும்புக் கல்லில் எண்ணெய் தடவிச் சூடாக்கி, திரும்பத் திரும்பச் செய்யும்போது கறுப்பாக, மினுமினுப்பாக ஒரு படலம் உட்காருகிறது அல்லவா? அது எண்ணெய் இறுகிப்போன வலைதான். கல்லில் அடுப்புச் சூடு சில நிமிடத்தில் செய்வதை மரத்தில் காற்று பல நாள் எடுத்துச் செய்கிறது.

இரட்டைப் பிணைப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை அளக்க ஒரு கணக்கு உண்டு. 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கும் என்று பார்ப்பார்கள். இதை அயோடின் எண் என்கிறார்கள். தேங்காய் எண்ணெய்க்கு அது ஏறக்குறைய 10. செம்பனை எண்ணெய்க்கு 50ஐ ஒட்டி வரும். கடலை எண்ணெய் 90 பக்கம், நல்லெண்ணெய் 110 பக்கம். ஆளி விதை எண்ணெய்க்கு 170ஐத் தாண்டும். 130க்கு மேல் போனால்தான் காயும் எண்ணெய் என்று பொதுவாகச் சொல்லலாம்.

இந்த எண்களுக்குப் பின்னால்தான் நம் வீட்டுப் பிரச்சினை ஒளிந்திருக்கிறது. ஆக்சிஜன் எல்லா எண்ணெயையும் தாக்குகிறது. இரட்டைப் பிணைப்பு நிறைய இருந்தால் வலை பின்னி இறுகும். கொஞ்சமாக இருந்தால் வலை பின்னப் போதாது. சங்கிலிகள் அறுந்து, சிறிய மணமுள்ள துண்டுகளாகச் சிதறும். நாள்பட்ட கடலை எண்ணெயில் அடிக்கும் சிக்கு வாடை அந்தத் துண்டுகளிலிருந்து வருவது. சமையலறையில் பயன்படும் செம்பனை எண்ணெய், கடலை எண்ணெய், ஆலிவ் எண்ணெய் மூன்றையும் மரத்துக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுவே. அவை காயாது, ஆனால் கெட்டுப்போகும். பலகைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு கெட்டுப்போவதால் கழுவினாலும் வாடை போகாது.

நல்லெண்ணெய் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பூசை மாடத்தில் குத்துவிளக்கு வைத்திருக்கும் மணையைக் கவனித்தால் தெரியும். வழிந்த எண்ணெய் முழுதாகக் காயாமல், ஈரமாகவும் இல்லாமல், பழுப்பு நிறத்தில் பிசினாக ஒட்டிக்கொண்டிருக்கும். தூசியெல்லாம் அதில் படிந்து கெட்டியாகிவிடும். பாதி காய்ந்த எண்ணெய் அப்படித்தான் இருக்கும். சப்பாத்தி தேய்க்கும் பலகையில் அந்தப் பிசுக்கு வந்தால் மாவு ஒட்டிக்கொண்டு எழும்பாது.

தேங்காய் எண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்பவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் கேட்கிறார்கள். அதில் ஏறக்குறைய 90 விழுக்காடு நிறைகொழுப்பு. ஆக்சிஜன் தாக்க இடமே குறைவு. ஆகவே மற்ற சமையல் எண்ணெய்களைவிடத் தாமதமாகத்தான் சிக்கு வாடை வரும். ஆனால் அதே காரணத்தால் அது எந்தக் காலத்திலும் இறுகாது. கழுவக் கழுவப் போய்க்கொண்டே இருக்கும். 24, 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், ஏர்கோன் அறையில் வைத்த பலகையின் மேல் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். தினமும் கையாண்டு, வாரத்துக்கு ஒரு தடவை திரும்பத் தடவும் பலகைக்கு, சுத்திகரித்த தேங்காய் எண்ணெய் பரவாயில்லை. வருஷத்தில் பத்து மாதம் அலமாரிக்குள் கிடக்கும் முறுக்கு உரலுக்கு அதைப் பூசாதீர்கள்.

விளக்கெண்ணெயும் காயாத ரகம்தான். கெட்டியாக இருப்பதால் காய்ந்துவிடும் என்று தோன்றும், காயாது.

அப்படியானால் எதை வாங்குவது

காயும் எண்ணெய்களில் மூன்று பெயரை நினைவில் வையுங்கள்: ஆளி விதை எண்ணெய், டங் எண்ணெய், வால்நட் எண்ணெய்.

ஆளி விதை எண்ணெய் மிகப் பழைய சரக்கு. ஓவியர்கள் வண்ணம் குழைக்கப் பயன்படுத்துவது இதைத்தான். இங்கிலாந்துக்காரரான ஃபிரடெரிக் வால்டன், பெயிண்ட் டப்பாவில் ஆளி விதை எண்ணெய்மேல் படிந்திருந்த ரப்பர் போன்ற ஏட்டைப் பார்த்துத்தான் 1860களில் லினோலியம் என்ற தரைவிரிப்பை உருவாக்கினார். எண்ணெய் இறுகினால் காலால் மிதித்து நடக்கும் அளவுக்கு உறுதியாகும் என்பதற்கு அது சாட்சி. இதை இரண்டு விதமாக விற்கிறார்கள், அங்கே கவனம் தேவை. ஹார்ட்வேர் கடையில் 'பாய்ல்ட் லின்சீட் ஆயில்' என்று தகர டின்னில் இருப்பது சீக்கிரம் காய வேண்டும் என்பதற்காகக் கோபால்ட், மாங்கனீஸ் போன்ற உலோக உப்புகள் சேர்த்தது. நாற்காலிக்கும் கதவுக்கும் அது சரி. உணவு படும் பலகைக்கு நான் அதை எடுக்க மாட்டேன். மருந்துக் கடையிலும் ஆரோக்கிய உணவுக் கடையிலும் 'ஃப்ளாக்ஸ்சீட் ஆயில்' என்று சாப்பிடுவதற்காக விற்பதே நமக்கு வேண்டியது. லேபிளைப் படியுங்கள். கெடாமல் இருக்க வைட்டமின் இ சேர்த்திருந்தால் அது ஆக்சிஜனைத் தடுக்கும். எண்ணெய் காய்வதும் தள்ளிப்போகும். எதுவும் சேர்க்காத போத்தலாகப் பாருங்கள்.

ஆளி விதை எண்ணெய்க்கு நம் ஊரில் ஒரு குறை உண்டு. காய்ந்து முடியும் வரை பூஞ்சைக்கு அது நல்ல தீனி. ஈரமான மூலையில் வைத்த பலகையில் கறுப்புப் புள்ளிகள் வந்துவிடலாம். மரத்தையும் நாளடைவில் மஞ்சளடிக்க வைக்கும்.

டங் எண்ணெய் சீனத்து மரமொன்றின் கொட்டையிலிருந்து வருவது. சீனப் படகுக் கட்டுநர்கள் இதைச் சுண்ணாம்போடு பிசைந்து பலகை இடுக்குகளை அடைத்தார்கள். காகிதக் குடைகளுக்கு மழை தாங்க இதைத்தான் பூசினார்கள். தண்ணீரைத் தாங்குவதில் ஆளி விதை எண்ணெயைவிட இது ஒரு படி மேல், மஞ்சளும் குறைவாகவே அடிக்கும். பினாங்கு போன்ற கடலோர ஊருக்கு, பொறுமை உள்ளவர்களுக்கு, என் முதல் தேர்வு இதுதான். ஆனால் 'டங் ஆயில் ஃபினிஷ்' என்று எழுதிய டின்களில் பல, வார்னிஷும் கரைப்பானும் கலந்தவை. சிலவற்றில் டங் எண்ணெய் பெயருக்குக்கூட இருக்காது. 'பியூர்' என்றோ '100%' என்றோ போட்டிருக்கிறதா, வேறு சேர்மானம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டங் மரத்தின் கொட்டை நச்சுள்ளது, சாப்பிடக் கூடாது. ஆனால் அதன் எண்ணெய் மரத்தில் முழுதாக இறுகிய பிறகு உணவு படும் பரப்புக்குப் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. 'இயற்கையானது' என்பதும் 'உணவுக்குப் பாதுகாப்பானது' என்பதும் ஒன்றில்லை என்பது இங்கே தெளிவாகிறது. பைன் மரத்திலிருந்து எடுக்கும் டர்பன்டைனும் இயற்கைதான். யாரும் அதைத் தட்டில் ஊற்ற மாட்டார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விதிகள்கூட உணவு படும் பூச்சுகளை அனுமதிக்கும் இடத்தில் ஆளி விதை எண்ணெய், டங் எண்ணெய் போன்றவற்றைப் பட்டியலிட்டு, இறுகிய பூச்சிலிருந்து உணவுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதைத்தான் அளக்கின்றன. முழுதாகக் காய்ந்ததா என்பதே கேள்வி.

வால்நட் எண்ணெய் சூப்பர் மார்க்கெட்டில் சாலட் எண்ணெய்களுக்குப் பக்கத்தில் இருக்கும். வறுக்காத வால்நட்டில் எடுத்ததாகப் பாருங்கள். மெதுவாகக் காயும், நிறம் மாறாது, மணமும் இதம். விலைதான் அதிகம். வீட்டில் யாருக்காவது கொட்டை ஒவ்வாமை இருந்தால் இதை விட்டுவிடுங்கள். யாருக்காவது பரிசாகக் கொடுக்கப்போகும் பலகைக்கும் வேண்டாம்.

காயவே காயாத, ஆனால் கெட்டும் போகாத இன்னொன்று இருக்கிறது: மினரல் ஆயில். இது தாவர எண்ணெய் இல்லை, பெட்ரோலியத்திலிருந்து நன்றாகச் சுத்திகரித்து எடுப்பது. ஆக்சிஜன் பிடித்துக்கொள்ள இரட்டைப் பிணைப்பே கிடையாது. அதனால் சிக்கு வாடை வருவதில்லை. மருந்துக் கடையில் 'லிக்விட் பாராஃபின்' என்று கேட்டால் மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் போத்தலை எடுத்துத் தருவார்கள். நிறமில்லாமல் தெளிவாக இருப்பதைக் கேளுங்கள். பால் நிறத்தில் இருப்பது வேறு சேர்மானம் கலந்தது. பேபி ஆயிலும் மினரல் ஆயில்தான், ஆனால் வாசனை கலந்திருப்பதால் சமையல் பலகைக்கு ஆகாது. இயந்திரத்துக்கு விடும் எண்ணெயைத் தொடவே வேண்டாம். இயற்கை எண்ணெய்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு மினரல் ஆயில் ஒவ்வாது. அந்த மனநிலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் இன்று பூசி நாளை பயன்படுத்த வேண்டும் என்றால் இதைவிட எளிதான வழி இல்லை.

மினரல் ஆயிலோடு தேன்மெழுகு சேர்த்தால் தண்ணீர் ஓரளவு வழிந்தோடும். எடையில் ஒரு பங்கு மெழுகுக்கு நான்கு பங்கு எண்ணெய் என்பது வழக்கமான அளவு. நம் வெப்பத்தில் அது கொஞ்சம் இளகலாகவே நிற்கும். மூன்று பங்கு எண்ணெய் போட்டால் கையில் எடுத்துத் தடவ வாகாக இருக்கும். கொதிக்கும் தண்ணீர்ச் சட்டிக்குள் இன்னொரு கிண்ணத்தை வைத்து அதில் உருக்க வேண்டும், நேரடித் தீயில் வேண்டாம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும், அதிகச் சூடு தேவையே இல்லை. தேன்மெழுகு வேண்டாம் என்பவர்கள் பிரேசில் பனை இலையிலிருந்து வரும் கார்னோபா மெழுகைக் கொஞ்சமாகச் சேர்க்கலாம். அது இன்னும் கடினமானது, 80 டிகிரிக்கு மேல்தான் உருகும்.

நம் ஊர் மரங்கள்

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வெளிர் மஞ்சள் நிறப் பலகைகளில் பெரும்பாலானவை பால்மரம். நம் தாத்தா பாட்டிமார் தோட்டத்தில் பால் வெட்டிய அதே கித்தா மரம். 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் வெட்டி மறுநடவு செய்வார்கள். ஒரு காலத்தில் விறகாகவும் சாம்பலாகவும் போனது அந்தக் கட்டை. பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் பிடிக்கும் என்பதால் யாரும் தளவாடத்துக்கு எடுக்கவில்லை. கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுகளும் சேர்ந்துதான் அதை ஏற்றுமதித் தளவாட மரமாக மாற்றின. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் மேற்பரப்பில் குட்டிக் குட்டியாக மெல்லிய கோடுகள் தெரியும். அவை குழாய்களின் திறப்பு. நன்றாக எண்ணெய் குடிக்கும் மரம் இது. முதல் கையை, அதாவது முதல் பூச்சை, ஊற்றிய சில நிமிடத்திலேயே சில இடங்கள் மங்கிப்போய் இன்னும் கேட்கும்.

மெர்பாவ் உறுதியான மரம்தான், ஆனால் தண்ணீர் பட்டால் பழுப்புச் சாயம் விடும். வெட்டும் பலகைக்கு ஆகாது. செங்கால் அடர்த்தி மிகுந்தது, கனமீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் வரும். எண்ணெய் உள்ளே இறங்கவே யோசிக்கும், ஆகவே மிக மெல்லிசாகப் பூசி அதிகமாகத் துடைக்க வேண்டும். தேக்கில் சொந்த எண்ணெய்ப்பசை இருப்பதால் காயும் எண்ணெய் அதன்மேல் தாமதமாக இறுகும்.

மரப்பட்டறையில் மிஞ்சிய துண்டை எடுத்துப் பலகை செய்ய நினைப்பவர்கள், அதில் பூச்சி மருந்து ஏற்றியிருக்கிறதா என்று பட்டறைக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பட்டர்வொர்த், பிறை பக்கம் கிடைக்கும் சரக்குப் பேலட் கட்டைகளில் முத்திரை ஒன்று குத்தியிருக்கும். எச்.டி. என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது. அது சமையலறைக்கு வேண்டாம். எச்.டி. கட்டையிலும் அதன்மேல் என்ன சரக்கு சிந்தியிருக்கும் என்பது தெரியாததால், உணவுப் பலகைக்குப் பேலட் கட்டையையே தவிர்ப்பது நல்லது.

பூசும் முறை

முதலில் பலகையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். நார் எழும்பும். எழும்பட்டும், அதற்காகத்தான் துடைக்கிறோம். பிறகு உப்புத்தாள் போடுங்கள். ஹார்ட்வேர் கடையில் 'கெர்தாஸ் பாசிர்' என்று கேட்டால் எண் பார்த்துத் தருவார்கள். 120 எண்ணில் ஆரம்பித்து, 180, பிறகு 220. எப்போதும் மரத்தின் ரேகைவாக்கில் தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் பளிச்சென்று தெரியும். இந்த ஈரம் காட்டித் தேய்க்கும் வேலையை ஒரு முறைக்கு இரண்டு முறை செய்துவிட்டால், பின்னால் கழுவும்போது நார் எழும்பாது. அவசரத்தில் பலர் தாண்டிப்போகும் கட்டம் இது, ஆனால் கைக்குத் தெரியும் வித்தியாசம் இதில்தான் வருகிறது.

தூசியைத் துடைத்துவிட்டு எண்ணெயைத் தாராளமாகத் தடவுங்கள். மேல்பக்கம், அடிப்பக்கம், நான்கு ஓரம் எல்லாவற்றிலும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் தன்பாட்டில் ஈரத்தை இழுக்க, பலகை கிண்ணமாக வளையும். ரேகை முடிகிற குறுக்கு ஓரங்களில் குழாய்கள் வாய் திறந்திருப்பதால் அவை பல மடங்கு குடிக்கும். அங்கே இரண்டு மூன்று தடவை விடுங்கள். இருபது நிமிடம் கழித்து, மேலே நிற்கிற எண்ணெயை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் துடைத்துவிடுங்கள். உலர்ந்த துணியால் துடைத்த பிறகு கையால் தடவினால் விரலில் பளபளப்பு ஒட்டக் கூடாது. துடைக்காமல் விட்ட எண்ணெய் மேலே மட்டும் தோல் கட்டி, உள்ளே ஈரமாக நின்று, நாள்கணக்கில் ஒட்டும்.

மினரல் ஆயில் என்றால் ஒரு ராத்திரி விட்டு மறுநாள் துடைத்துப் பயன்படுத்தலாம். காயும் எண்ணெய் என்றால் ஒவ்வொரு கைக்கும் நடுவே இரண்டு மூன்று நாள் விட்டு, மூன்று நான்கு கை பூசி, கடைசிக் கைக்குப் பிறகு மூன்று நான்கு வாரம் ஆறவிட வேண்டும். முகர்ந்து பாருங்கள்: எண்ணெய் வாசனை அடங்கும் வரை அது காய்ந்து முடியவில்லை.

பினாங்கில் பருவத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும். ஈரக்காற்றில் எண்ணெய் மெதுவாகத்தான் இறுகும், பூஞ்சையும் முந்திக்கொள்ளும். தீபாவளிப் பலகாரத்துக்கு உரலையும் பலகையையும் வெளியே எடுப்பது சரியாக அந்த நேரத்தில்தான். அப்போது டங் எண்ணெயில் இறங்காதீர்கள். மினரல் ஆயிலைத் தடவிச் சமாளியுங்கள். தைப்பூசத்தை ஒட்டி வருகிற வறண்ட வாரங்கள் காயும் எண்ணெய்க்கு அருமையான காலம். காற்றோட்டமான ஐந்தடி நடைபாதை ஓரமோ பால்கனியோ இருந்தால், கடும் வெயில் நேராகப் படாமல் வெளிச்சம் மட்டும் படும்படி நிறுத்தி வைக்கலாம். மினரல் ஆயில் குடித்த மரத்தில் காயும் எண்ணெய் சரியாக இறங்காது என்பதால், முதலில் எது என்று முடிவு செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

துணியில் இருக்கும் ஆபத்து

இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். ஆளி விதை எண்ணெயோ டங் எண்ணெயோ துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடக் கூடாது. எண்ணெய் ஆக்சிஜனைப் பிடிக்கும்போது சூடு வெளிவருகிறது. பலகையில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி எதுவும் இல்லாமலே துணி தானாகப் பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23ஆம் தேதி, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று எரிந்தது. மரச் சுவரைப் புதுப்பித்தவர்கள் விட்டுப்போன ஆளி விதை எண்ணெய்த் துணிகள்தான் காரணம். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அங்கே இருந்ததும் நம் கையில் இருக்கும் துணியும் ஒரே இனம். துடைத்து முடித்ததும் துணியை வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துப் போடுங்கள். விறைப்பாகக் காய்ந்த பிறகு எறியலாம். அடுக்குமாடியில் இடமில்லை என்றால் தண்ணீர் நிரம்பிய டப்பாவில் முக்கி மூடி வையுங்கள். மினரல் ஆயில், தேங்காய் எண்ணெய்த் துணிகளுக்கு இந்தப் பயம் இல்லை.

பிறகு பராமரிப்பு

பலகையைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் வைக்காதீர்கள். பயன்படுத்தியதும் சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, செங்குத்தாக நிறுத்தி வைத்தால் இரண்டு பக்கமும் சமமாகக் காயும். பூண்டு, கருவாட்டு வாடை இருந்தால் கல்லுப்பைத் தூவி, பாதி எலுமிச்சையால் தேய்த்துக் கழுவுங்கள்.

மரப்பலகை கிருமி பிடிக்கும், பிளாஸ்டிக்தான் சுத்தம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொன்னது. மரத்தின்மேல் விட்ட கிருமிகள் உள்ளே இழுக்கப்பட்டு, திரும்ப எடுக்க முடியாத அளவுக்குக் குறைந்தன. கத்திக் கோடு விழுந்த பிளாஸ்டிக்கைத்தான் கையால் கழுவிச் சுத்தம் செய்வது கடினமாக இருந்தது. அதற்காகக் கோழி வெட்டிய பலகையிலேயே வெங்காயம் நறுக்கலாம் என்று பொருளில்லை. இறைச்சிக்குத் தனிப் பலகை இருக்கட்டும்.

மஞ்சள் கறை நம் வீட்டுப் பலகைகளுக்கே உரிய தொல்லை. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் எண்ணெயில் நன்றாகக் கரையும். ஆகவே எண்ணெய் ஈரமாக இருக்கும் பலகையில் அது ஆழமாகப் போகும். எண்ணெய் பூசிய அன்றே பச்சை மஞ்சள் நறுக்காதீர்கள். கறை விழுந்துவிட்டால் பயப்படவும் வேண்டாம், தேய்த்துத் தேய்த்து மரத்தைக் கெடுக்கவும் வேண்டாம். குர்குமின் வெளிச்சம் தாங்காது. கழுவிய பலகையைச் சில காலை வெயில்களில் கொஞ்ச நேரம் காட்டினால் மஞ்சள் தானாக வெளிறும்.

திரும்ப எப்போது எண்ணெய் பூசுவது என்பதற்கு நாள்கணக்கு தேவையில்லை. காய்ந்த பலகையில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் எண்ணெய் இருக்கிறது. பரவி, மரம் அந்த இடத்தில் கறுத்தால் எண்ணெய் தீர்ந்துவிட்டது. நடுப்பகுதி எப்போதும் முதலில் தீரும், அங்கே மட்டும்கூடத் தடவலாம். பலகாரக் காலம் முடிந்து முறுக்கு உரலை எடுத்து வைக்கும்போது, துளைகளைப் பிரஷால் சுத்தம் செய்து, ஒரு நாள் முழுக்கக் காற்றில் காயவிட்டு, மினரல் ஆயிலை மெல்லிசாகக் காட்டி, பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

ஏற்கெனவே சமையல் எண்ணெய் பூசி வாடை பிடித்த பலகை உங்களிடம் இருந்தால், சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, 120 உப்புத்தாளில் மேல் தோல் போகும் வரை தேயுங்கள். பெரும்பாலும் வாடை போய்விடும், அதன்பிறகு சரியான எண்ணெயில் புதிதாகத் தொடங்கலாம். பிசுக்கு பிடித்த பலகையிலும் இதே வேலைதான், ஆனால் உப்புத்தாள் அடிக்கடி அடைத்துக்கொள்ளும், இரண்டு மூன்று தாள் கூடுதலாக வாங்கி வையுங்கள். வெடிப்பு பலகையை ஊடுருவிப்போய், உள்ளே கறுப்பாகத் தெரிந்தால் எந்த எண்ணெயும் அதைக் காப்பாற்றாது. அதை வெட்டும் வேலையிலிருந்து எடுத்துவிட்டு, சூடான சட்டி இறக்கி வைக்கும் பலகையாக வைத்துக்கொள்ளுங்கள்.